கை முறிந்தால் கடைக்கு நஷ்டம்: ஈடு கேட்பது எப்படி?

மளிகைக் கடைக்காரருக்கு முதல் மூலதனம் கைதான். மூட்டை இறக்குவது, தராசில் நிறுப்பது, பொட்டலம் மடிப்பது, எண்ணெய் டின்னைச் சாய்த்து ஊற்றுவது, கல்லாவில் சில்லறை எண்ணித் தருவது, விடியற்காலையில் வண்டியில் போய்ச் சரக்கு எடுத்து வருவது என எல்லாமே கையால் ஆகிற காரியங்கள். மாதச் சம்பளக்காரருக்குக் கை முறிந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. நமக்கு அது கிடையாது. கடையைச் சாத்தினால் அன்றைய வியாபாரம் போயிற்று. பத்து நாள் சாத்தினால் வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்ப் பழகிவிடுவார்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் பகுதி வணிகர்கள் சாலையில் இருக்கும் நேரம் அதிகம். இரவு இரண்டு, மூன்று மணிக்குப் புறவழிச்சாலை வழியாகக் கோயம்பேடு போய், விடிவதற்குள் காய்கறியோடு திரும்புகிறவர்கள் நம்மில் ஏராளம். ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். (இந்த மூன்று எழுத்தைக் கேட்டால் இப்போது வரிதான் நினைவுக்கு வருகிறது, நாம் சொல்வது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டை.) வண்டியிலிருந்து விழுகிறவர் தம்மை அறியாமல் கையை ஊன்றுவார். அதனால்தான் மணிக்கட்டுக்கு மேலே உள்ள எலும்பு முறிவது இவ்வளவு சகஜமாக இருக்கிறது.

இப்படி விபத்து நேர்ந்ததும் வழக்கமாக என்ன நடக்கிறது? மோதிய வண்டிக்காரர் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுத்து நீட்டி, "கேஸ் கீஸ் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நமக்குள்ள முடிச்சுக்கலாம்" என்பார். கூட வந்தவர்களும் எலும்புதானே, ஆறு வாரத்தில் கூடிவிடும் என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அன்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே நாம் முதலில் சொல்ல விரும்புவது. எலும்பு நேராகக் கூடுமா, கோணலாகக் கூடுமா, மணிக்கட்டு பழையபடி மடங்குமா, பிடிமானம் திரும்புமா, தகடும் திருகாணியும் வைக்க வேண்டி வருமா, வைத்த தகட்டைப் பின்னால் எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையா என்பதெல்லாம் விபத்தன்று மருத்துவருக்கே தெரியாது. அளவு தெரியாத சரக்குக்கு யாராவது விலை பேசுவார்களா?

சட்டத்தின் கண்ணில் எலும்பு முறிவு சிறு காயம் அல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு எலும்பு முறிவைக் கொடுங்காயம் என்று வகைப்படுத்தியிருந்தது. 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவும் அப்படியே சொல்கிறது. இழப்பீடு கேட்பதற்கும் இந்த வகைப்பாடுதான் வாசல்.

அந்த வாசலுக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. மோதிய வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால், மோதிவிட்டு ஓடிய வாகனங்களுக்கான 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்குத் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் மனுச் செய்ய வேண்டும். வண்டி தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். 1.4.2022 முதல் அமலில் உள்ள பிரிவு இது. மூன்றாவது வழி, அதே சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு நஷ்டத்தையும் கேட்டு மனுப் போடுவது. நம் பக்கத்து வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். இங்கே எதிர் வண்டிக்காரரின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். ஒரு எச்சரிக்கை: 164-ஆவது பிரிவின்படி தரப்படும் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி சீக்கிரம் பணம் தருகிறதே என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடுமுன், இரண்டரை லட்சம் நம் நஷ்டத்துக்குப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எலும்பு நன்றாகக் கூடி, மூன்று மாதத்தில் கடைக்குத் திரும்பிவிட்டவருக்கு அது நல்ல தொகையாகவே இருக்கலாம். வலது மணிக்கட்டு மடங்காமல் போனவருக்குப் போதாது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

மோதிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வது முதல் வேலை. எண் இருந்தால் அதன் இன்சூரன்ஸ் விவரம் தானாக வந்து சேரும். அரசுப் பேருந்தாக இருந்தாலும் கவலை வேண்டாம், போக்குவரத்துக் கழகமே பொறுப்பு. இழப்பீட்டைக் கட்டாததற்காகக் கோர்ட் உத்தரவின்பேரில் பேருந்தையே ஜப்தி செய்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம்.

மருத்துவமனையில், அது குரோம்பேட்டை அரசு மருத்துவமனையானாலும் தனியார் நர்சிங் ஹோமானாலும், எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். போலீஸ் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்து நம்மவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் சாட்சியம். இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டியே மனுவைத் தள்ளச் சொல்வார். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி என்று சரியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதன் நகலையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். தாம்பரம் 1.1.2022 முதல் தனிக் கமிஷனரேட் ஆகிவிட்டது. விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. ஆபரேஷன், அட்மிஷன் என்று நாள் போய்விட்டால் மனம் தளர வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி – பத்ரிநாராயண் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது. பொய் வழக்குகள் பெருகியதால் கம்பெனிகள் தாமதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. இப்போதைய விதிப்படி போலீசாரே 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முதல் விபத்து அறிக்கை தர வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை தர வேண்டும். அது தன்னால் நடந்துவிடும் என்று இருந்துவிடாமல், போய்க் கேட்டு நகல் வாங்குங்கள்.

புத்தூர் கட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் அதன் பலகை இல்லாத சாலை இல்லை. அந்த வைத்தியத்தின் குணம் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. ஆனால் மருத்துவமனையில் முதல் எக்ஸ்ரே மட்டும் எடுத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லையும் மீறி வெளியே வந்து கட்டுப் போட்டுக்கொண்டவரிடம், பிறகு காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. சரியான சிகிச்சை எடுக்காததால்தான் கை கோணியது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனி சொல்லும். கட்டுக்குப் போவதானாலும் எலும்பு மருத்துவரிடம் தொடர்ந்து காட்டி, எக்ஸ்ரே எடுத்து, சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

சிகிச்சைச் செலவுக்கு இப்போது அரசுத் திட்டங்களும் உண்டு. 18.12.2021-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அவற்றில் போன செலவைத் திரும்பக் கேட்க முடியாது. வருமான நஷ்டம் அதில் சேராது, அதைக் கேட்கலாம்.

கை எவ்வளவு சம்பாதித்தது?

இனிதான் முக்கியமான விஷயம். ஒரே மாதிரி முறிந்த இரண்டு கைகளுக்கு இரண்டு விதமாக இழப்பீடு கிடைக்கிறது. அந்தக் கை எவ்வளவு சம்பாதித்தது, இனி எவ்வளவு குறையும் என்ற இரண்டையும் காட்டத் தெரிந்தவருக்கே தொகை கூடுகிறது.

நாடு முழுவதும் தீர்ப்பாயங்கள் இதில் பின்பற்றும் தீர்ப்பு நம்மைப் போன்ற ஒரு சிறு வியாபாரியின் வழக்கில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். மனுதாரர் பாலாடைக்கட்டி விற்று வந்த சுமார் 25 வயது இளைஞர். 1.10.1991 அன்று நடந்த விபத்தில் இடது காலின் இரண்டு எலும்புகளும் இடது முன்கை எலும்பும் முறிந்தன. மாதம் 3,000 ரூபாய் சம்பாதித்ததாகச் சொன்னார். ஆதாரம் இல்லை. தீர்ப்பாயம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டி 900 ரூபாய் என்று வைத்தது. உச்ச நீதிமன்றம் 18.10.2010-இல் தீர்ப்பளித்தபோது அதை 1,500 ஆக உயர்த்தி, சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போயிற்று என்று கொண்டு, எதிர்கால வருமான நஷ்டமாக 64,800 ரூபாய் என்று கணக்கிட்டது. பத்தொன்பது வருடம் நடந்த வழக்கு. அவர் சொன்ன 3,000-க்கு ஒரு கணக்குப் புத்தகம் இருந்திருந்தால் இந்தத் தொகை இரண்டு மடங்காகியிருக்கும்.

அந்தத் தீர்ப்பு வகுத்த விதி இது: உறுப்பு எத்தனை சதவீதம் ஊனம் என்று மருத்துவர் சொல்வது வேறு, அதனால் தொழில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு. இடது கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் சம்பளம் குறையாமலே போகலாம். டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும். ஆகவே, நம் கடையில் அந்தக் கை என்னென்ன வேலை செய்தது என்பதை மனுவில் விரிவாக எழுதச் சொல்லுங்கள். "வியாபாரம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், கல்லாவில் உட்கார்ந்து பணம் வாங்குகிறவருக்குக் கை எதற்கு என்று கம்பெனி வக்கீல் கேட்பார்.

இப்படிப்பட்ட கேள்விக்கு 2014-இல் உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2008-இல் நடந்த ஒரு விபத்தில் காலை இழந்த காய்கறி வியாபாரியான சையத் சாதிக் என்பவரின் வழக்கு அது. ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறவருக்கு நடமாட்டம் அவ்வளவு தேவையில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. மொத்த மார்க்கெட்டுக்குப் போய்க் கொள்முதல் செய்து கொண்டுவருவதும் அந்தத் தொழிலில் அடக்கம் என்றது. தொழில் இழப்பை 85 சதவீதமாக வைத்தது. கோயம்பேட்டுக்குப் போய் வருகிற நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் பயன்படும் வாதம் இது. வருமானத்துக்கு ரசீது இல்லாத அவருக்கு மாதம் 6,500 ரூபாய் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆதாரமில்லாதவரை வெறுங்கையோடு அனுப்பிவிடமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கோர்ட் தன் மதிப்பாக வைக்கும் தொகை நம் உண்மையான வருமானத்துக்குப் பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

ஆதாரம் என்றால் என்ன? வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அதுதான் தலையாய ஆதாரம். அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன மலர்விழி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் இருபுறமும் கூர் உண்டு. வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டியவருக்கு இழப்பீடும் அந்தக் குறைந்த கணக்கின்படிதான் வரும். அப்போது மட்டும் உண்மையான வருமானம் இவ்வளவு என்று வாதாட முடியாது. கணக்குத் தாக்கல் செய்யாத சிறு கடைக்காரர் ஜி.எஸ்.டி. படிவங்கள், வங்கி நடப்புக் கணக்கு, கியூ.ஆர். அட்டை மூலம் வந்த பணத்தின் பட்டியல், மொத்த வியாபாரி தந்த பில்கள், பேரேடு, நாள்வழிக் குறிப்பு ஆகியவற்றைக் காட்டலாம். கடை நம்முடையதுதான் என்பதற்கு மாநகராட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடைக்கல் முத்திரைச் சான்று, வாடகை ஒப்பந்தம், வணிகர் நல வாரிய அட்டை எல்லாம் உதவும். விபத்துக்கு முந்தைய மூன்று மாதக் கொள்முதல் பில்லையும் பிந்தைய மூன்று மாதப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நீதிபதிக்கு நஷ்டம் தானே புரியும்.

"கடை மூடவில்லையே, மனைவியும் மகனும் நடத்தினார்களே, பிறகு என்ன நஷ்டம்?" என்பது கம்பெனிகளின் வழக்கமான கேள்வி. மூட்டை தூக்கவும் சரக்கு எடுக்கவும் ஆள் வைத்திருந்தால் அந்தக் கூலியை வாரா வாரம் நோட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் வங்கி வழியாகவே கொடுங்கள். வாடகை வண்டியில் சரக்கு வந்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 42 வயது மளிகைக் கடைக்காரர், வலது மணிக்கட்டு சரியாக மடங்கவில்லை, தொழில் திறனில் 15 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 25,000 என்று நிரூபித்திருந்தால், 2017-ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்த்து 31,250. வருடத்துக்கு 3,75,000, அதில் 15 சதவீதம் 56,250. அவர் வயதுக்கு 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் பெருக்கி எண் 14. ஆக 7,87,500 ரூபாய். ஆதாரம் இல்லாமல் 12,000 என்று வைத்தால் அதே கணக்கு 3,78,000-இல் நிற்கும். தொழில் இழப்பையே நிரூபிக்காமல் போனால், நம் மாநிலத் தீர்ப்பாயங்களில் நெடுநாளாக உள்ள வழக்கப்படி சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வைத்துப் பெருக்கிவிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்று கொண்டால் மொத்தம் 75,000தான். ஒரே கை, ஒரே முறிவு, மூன்று விலை. மருத்துவச் செலவு, தகடு எடுக்கும் ஆபரேஷன் செலவு, சிகிச்சைக் கால வருமானம், வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல்.

எலும்பு குறையில்லாமல் கூடிவிட்டவர் இந்தப் பெரிய கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். அவருக்குச் செலவும், சும்மா இருந்த மாதங்களின் வருமானமும், வலிக்கான தொகையும் உண்டு, அவ்வளவுதான். சிகிச்சை செய்யாத மருத்துவரிடம் காசு கொடுத்து வாங்கிய ஊனச் சான்று இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட ரெடிமேட் சான்றுகளை நம்பக்கூடாது என்று ராஜ்குமார் தீர்ப்பே சொல்கிறது. தீர்ப்பாயம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் சாயம் வெளுத்துவிடும். அப்புறம் உண்மையான நஷ்டத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கே, எப்போது?

ஆறு மாதம். இந்தக் கெடுவை மறக்கக்கூடாது. 1994-இல் கால வரம்பு எடுக்கப்பட்டதால், எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றே நம்மில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 1.4.2022 முதல் ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கில், கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. சிகிச்சை முடியாவிட்டாலும் மனுவைப் போட்டுவிட்டு, மருத்துவக் காகிதங்களைப் பின்னால் சேர்க்கலாம். வட்டியும் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கிடைக்கும்.

விபத்து நடந்த இடம் எங்கோ இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துக்கோ கடை நடத்தும் இடத்துக்கோ உரிய தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். திண்டிவனத்தில் அடிபட்ட தாம்பரம் வணிகர் திண்டிவனத்துக்கு வாய்தாவுக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீலை நீங்களே தேடிப் போங்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகரிடம் கொடுக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன் முடிவுக்கு அப்பீல் கிடையாது. நாம் மேலே போட்ட கணக்கைப் போல ஒன்றைப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் குறைவானால் முடியாது.

வேறு வண்டி எதுவும் மோதாமல், மழைச் சேற்றில் நாமே சறுக்கி விழுந்தால்? நம் வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நமக்கு ஒன்றும் தராது. உரிமையாளர் ஓட்டுநருக்கென்று உள்ள 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, உயிரிழப்பு, கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே. முறிந்து கூடிய கைக்குக் கிடையாது. வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று தரும் தனிநபர் விபத்துப் பாலிசிகள் தனியாக இருக்கின்றன. தினமும் கோயம்பேடு போகிறவர்கள் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைப் பையன் டெலிவரிக்குப் போன இடத்தில் கை முறித்துக்கொண்டால் நிலைமை வேறு. அவர் நம் வேலையில் இருந்தபோது நேர்ந்த விபத்து என்பதால் முதலாளி என்ற முறையில் இழப்பீட்டுப் பொறுப்பு நம் மேல் வரும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு, 21.11.2025 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. மோதிய வண்டி மீது வாகனச் சட்டப்படி கேட்பதா, முதலாளியிடம் கேட்பதா என்று அவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எஃப்.ஐ.ஆரும் விபத்துப் பதிவேட்டு நகலும் இல்லாவிட்டால் அவருக்கு முதல் வழி அடைபட்டு, நம்மிடம்தான் வருவார். பையனை மருத்துவமனையில் சேர்க்கும்போது கடை ஆள் ஒருவர் கூடவே இருந்து, அந்த வரியைச் சரியாக எழுத வைக்கட்டும்.